ஜன்னலோரத்துக் கப்

அந்தக் கணிதப் பேராசிரியர் வீட்டில் பத்தொன்பது வருடமாக ஒரு சட்டம் உண்டு. மனைவி யாருக்கு டீ வைக்கிறாளோ அவர் இருக்கிறார். யார் முன்னால் கப் இல்லையோ அவர் இல்லை. மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை, பேராசிரியர் காதில் கேட்ட குரல்களையெல்லாம் அடக்கிவிட்டது. ஜன்னலோர நாற்காலியில் தினமும் வந்து உட்காரும் சாம்பல் கோட்டுக்காரரை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை. அவர் முன்னால் கப் இருக்காது. பேராசிரியரும் கண்டுகொள்ளாமல் தன் கணக்கைப் பார்ப்பார். ஒருமுறை குழாய் ரிப்பேர்க்காரருக்கு டீ வைக்க அவள் மறந்துவிட, பாவம் அந்த மனிதர் அரைமணி நேரம் சுவரோடு பேசிவிட்டுப் போனார்.

பேராசிரியருடைய தேற்றம் சரிதான் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த காலையில், அவள் மூன்று கப் கொண்டுவந்தாள். மூன்றாவதை ஜன்னலோரம் வைத்தாள்.

“யாருக்கு?” என்று பதறினார்.

“பயப்படாதீங்க, அங்க யாரும் இல்லதான். ஆனா இத்தனை வருஷமா உங்களைத் தொந்தரவு பண்ணாம உக்காந்திருந்தாரே, அதுக்கு ஒரு நன்றி வேண்டாமா?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “நன்றி உனக்குத்தான் சொல்லணும். நீ இல்லன்னா இந்தக் கணக்கும் இல்ல, நானும் இல்ல.”

“சரி சரி, மாத்திரையைப் போடுங்க” என்று சிரித்தபடி சமையலறைக்குப் போனாள்.

டீ ஆறியது. கோட்டுக்காரர் அதைத் தொடவில்லை. முதல்முறையாக எழுந்து, பேராசிரியரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். அதே நேரம் அவள் பிஸ்கட் தட்டோடு எதிரே வந்தாள். கதவு வழி குறுகல். பேராசிரியர் வாயே திறக்கவில்லை.

அவள் தட்டை உயர்த்திப் பிடித்துச் சுவரோடு ஒதுங்கி, ஓர் ஆள் கடந்துபோகிற நேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்தாள்.