இருநூற்றுப் பதினாலு மீட்டர்

"உயரம் காட்டுமா?"

சைக்கிள் கடைக்குள் கால் வைத்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

கடைக்காரர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார்.

"ரெண்டுமே ஒயர் இல்லாததும்மா. சக்கரத்துல சென்சார், ஹேண்டில்பார்ல இது. வேகம், தூரம் ரெண்டுலயும் வரும். உயரம் இதுல மட்டும்தான்."

"நிக்கிற இடத்தோட உயரமா? இல்லே, மொத்தமா எவ்வளவு ஏறியிருக்கான்ங்கறதா?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"ரெண்டும் காட்டும். காத்தோட அழுத்தத்தை வச்சுக் கண்டுபிடிக்குது. மழை வர்ற மாதிரி இருந்தா நாலஞ்சு மீட்டர் முன்னப்பின்ன ஆகும்."

"மேட்டுக் குடியிருப்புல தண்ணி டேங்க் இருக்கே, அது இங்கேருந்து எவ்வளவு உயரம்?"

"இருநூறு மீட்டர் இருக்கும்."

"அப்போ சரி. நாலஞ்சு மீட்டர்ல அது மறையாது."

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மருமகளின் கை அப்படியே நின்றுவிட்டது.

தண்ணீர் டேங்குக்குப் பக்கத்து வீடு, நாத்தனார் வீடு. அம்மா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றைக்கே மாமியார் சொல்லிவிட்டார்: "அந்த மேட்டுல ஏறினவங்க யாரும் என் வாசப்படி ஏற வேண்டாம்."

வீடு மாமியாருடையது. கணவன் அங்கே போய்வருவது தெரிந்துவிட்டால் கைக்குழந்தையோடு எங்கே போவது?

"அத்தை, அவருக்கு வேகம் காட்டினா போதுமே. இது விலையும் குறைச்சல்."

"பிள்ளையோட பிறந்தநாளுக்கு விலை குறைச்சல் பார்த்து வாங்குவாங்களா? ஞாயித்துக்கிழமை ஆனா ஏரிக்கரையைச் சுத்தறேன்னு போறான். எவ்வளவு சுத்தறான்னு நானும் பார்க்கறேனே!"

கடைக்காரர் மருமகளைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். இப்படி ஒரு அம்மாவா!

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட வந்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தார். அவர் குளிக்கப் போனபோது மருமகள் அதிலே ஒரே ஒரு பக்கத்தைப் படித்தாள். 'ஏற்றப் பதிவை மட்டும் அழிக்க.'

ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் சத்தம் கேட்டதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள்.

"என்னங்க, அதைக் கொடுங்க முதல்ல!"

"மூச்சு வாங்குது, இருடி."

"மூச்சு அப்புறமா வாங்கிக்கலாம். எவ்வளவு காட்டுது பாருங்க, இருநூத்திப் பதினாலு! மேட்டுக்குப் போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"எட்டாம் மாசம்டி அவளுக்கு. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. நான் போகலைன்னா யார் போவா?" குரலைத் தாழ்த்தினான். "அம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டா."

அவள் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து வரை எண்ணினாள். இருநூற்றுப் பதினாலு போய் பூஜ்யம் வந்தது. தூரம் மட்டும் பத்தொன்பது கிலோமீட்டர் என்று பத்திரமாக நின்றது.

"கொண்டா இங்கே."

மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார்.

மீட்டரை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஏற்றம் பூஜ்யமா?"

"ஏரிக்கரைதானே அத்தை, சமதரை..."

"ஏரிக்கரையில எத்தனை பாலம்?"

மருமகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ரெண்டு."

"பாலம் ஏறி இறங்கணுமா, இல்லே சைக்கிளோட பறந்து போயிட்டானா? பத்து மீட்டராவது வரணுமே. கணக்கு டீச்சர்கிட்ட பூஜ்யத்தைக் காட்டினா எப்படி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் அழிச்சேன் அத்தை. அவர் மேல தப்பில்லை."

"அழிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்தது?"

குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இனிப் பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை.

"இருநூத்திப் பதினாலு."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். திட்டு வரப்போகிறது என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்தபோது, மாமியார் அதே வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ டேங்க் வரைக்கும் போயிருக்கான்."

"அம்மா..."

"நீ பேசாதே. சொன்ன வார்த்தை சொன்னதுதான்." மீட்டரை மருமகளிடம் நீட்டினார். "இனிமே இதை அழிக்காதேம்மா. அவளை யாராவது போய்ப் பார்க்கறீங்களான்னு வாய்விட்டுக் கேட்க முடியாமதானே இதை வாங்கினேன்."