கடைசியாகப் பார்த்தவை

சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பார்க்கத்தான் போனில் மருந்து விவர ஆப்பைத் திறந்தேன்.

எதிரே தையல்காரம்மா. காசநோய், சிறுநீரகமும் பழுது. இருமலை முழங்கையில் அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தேன். ஆப்பைத் தொட்டும் பத்து நாளாகிவிட்டது. தேடும் கட்டத்துக்குக் கீழே வழக்கம்போல ஒரு பட்டியல்: கடைசியாகப் பார்த்தவை.

நான்கு வரிகள். நான்கும் லீவின் முதல் நாளில் தேடியவை. ஒன்றுகூட நான் தேடியதில்லை.

கிளமிடியா: சிகிச்சை.

கிளமிடியா: துணைவருக்கும் சிகிச்சை.

டாக்ஸிசைக்ளின்: காலையும் இரவும், ஏழு நாள்.

டாக்ஸிசைக்ளின்: பொடித்துக் கொடுப்பது.

கிளமிடியா என்றால் ஏதோ பூவின் பெயர்போல இருக்கும். படுக்கையில் தொற்றுகிற நோய். டாக்ஸிசைக்ளின் அதற்கான மாத்திரை.

அந்த ஆப்புக்கு எங்கள் வீட்டில் ஒரே கணக்குதான். என் போனிலும் என் வீட்டுக்காரர் போனிலும் ஒரே பாஸ்வேர்ட், மகள் பிறந்த தேதி. அவர் கண் டாக்டர், நான் தொற்றுநோய் டாக்டர். தொற்றுநோய் சம்பந்தமாக எதுவானாலும் ஆப்பைத் திறக்கமாட்டார், என்னைத்தான் கேட்பார். வீட்டிலேயே ஓர் ஆப் நடமாடிக்கொண்டிருக்கும்போது போனில் எதற்கு என்று என்னைக் காட்டிச் சிரிப்பார்.

"ஒரு நிமிஷம்மா" என்று தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, கை கழுவும் தொட்டியருகே போய் நின்று அவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, நம்ம ஆப்ல ஏதாவது பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் அவருக்குப் பின்னால் யாரோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைத் தப்புத் தப்பாக வாசிப்பது கேட்டது.

"ஆமாம்மா, ஒரு பேஷண்ட்டுக்காக. கண்ணெல்லாம் செவந்து வந்தாரு, அந்தக் கிருமியோன்னு ஒரு சந்தேகம். நீ லீவுல இருக்கே, உன்னை எதுக்கு நச்சரிக்கணும்னு நானே பாத்துக்கிட்டேன்."

அந்தக் கிருமி கண்ணுக்கும் வரும். கண்ணில் வந்தாலும் துணைவருக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். எல்லாம் சரியாகப் பொருந்தியது.

எனக்கே என்மேல் வெட்கமாகிவிட்டது. இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனிதரை இரண்டே நிமிஷத்தில் கூண்டில் ஏற்றிவிட்டேனே.

நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன்.

நாற்காலிக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தபோது, முதல் வரி காணாமல் போனது.

நான் தொடவில்லை. இரண்டு கையும் என் மடியில் இருந்தன.

பிறகு இரண்டாவது வரி.

மொத்தமாக அழிக்க ஒரு பொத்தான் உண்டு. அது அவருக்குத் தெரியாது. தன் போனில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தார். மூன்றாவதும் போனது.

"டாக்டர், ஏதாவது மோசமா இருக்கா?" தையல்காரம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா."

மிச்சமிருந்த ஒரு வரியை, அது போவதற்குள் தொட்டுத் திறந்துவிட்டேன்.

மாத்திரையைப் பொடித்து உணவிலோ பானத்திலோ கலக்கலாம் என்றிருந்தது. கசக்கும், அதனால் இனிப்புச் சேர்க்கவும் என்றிருந்தது.

கண் சிவந்து வருகிற பெரிய ஆளுக்கு மாத்திரையை எதற்குப் பொடிக்க வேண்டும்? விழுங்க முடியாதவர்களுக்குப் பொடிப்போம். இல்லையென்றால், விழுங்குவது தெரியக்கூடாதவர்களுக்கு.

லீவு தொடங்கிய மறுநாள், கண் விழிக்கும்போதே கட்டிலருகே அவர் காபியோடு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். ராத்திரி ஒரு டம்ளர் பால். மறுநாளும் அப்படியே. இரண்டிலும் சர்க்கரை தூக்கலாக இருக்கும். அடியில் மட்டும் கொஞ்சம் கசக்கும். பழகாத கை, காபி தீய்ந்திருக்கும், பால் அடிப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவர் மனசு நோகக்கூடாதென்று கடைசிச் சொட்டுவரை குடித்தேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தங்கைக்குப் போன் போட்டு, "உங்க மாமா திருந்திட்டாருடி" என்று பெருமையடித்தேன்.

ஏழு நாள். எட்டாம் நாள் காலையில் காபி வரவில்லை. அன்று அதற்காக அவரைச் செல்லமாகக் கோபித்துக்கொண்டேன்.

தையல்காரம்மாவுக்கு வேண்டிய அளவைத் தேடி எழுதினேன். தினமும் வேண்டாம், இந்த மாத்திரை வாரத்துக்கு மூன்று தடவை போதும் என்று இரண்டு முறை சொன்னேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு பரிசோதனைச் சீட்டை எடுத்து என் பெயரை எழுதினேன். வயது, நாற்பத்தாறு. எத்தனை நாளாகத் தொந்தரவு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

போனில் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துக் கீழே தள்ளினேன். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. பாலோடு கொடுத்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும்.

அதைக்கூட அவன் முழுசாகப் படித்திருக்கவில்லை.