பொருத்துக்கு மேல மீனாணம்

சுஹைரா மாமியின்ட கையில இருந்த மீனாணச் சட்டி கவிழ்ந்திச்சு. கவிழ்ந்திச்சோ, கவிழ்த்தாவோ? பார்த்துக்கொண்டு நிண்ட பொம்புளையளுக்கே விளங்கேல்லை.

மாமி வீட்டில பால் மாதிரி வெள்ளையான புதுக் குசினி மேடை. அதில மஞ்சள் ஆணம் ஓடிப் பரவினது சரியா மூலையில, ரெண்டு செயற்கைக்கல் பலகை சேருற பொருத்துக்கு மேல!

கப்பல்துறையில பட்டறை போட்டு பஸ்மியா தனியச் செய்த முதல் குசினி இது. அந்த வெள்ளைக்கே ஏத்த மாதிரிப் பசை கலந்து ஒட்டி, உரசி உரசி, பொருத்தே தெரியாமல் ஆக்கியிருந்தாள்.

மாமியின்ட குணம் அப்படி. சொந்த மருமகனைக் கலியாணத்தண்டே, "சேர்வானி தோளில தொங்குது" எண்டு சபையில சொன்னவ. பாவம், அந்த மனுசன் இண்டைக்கும் மாமியைக் கண்டால் தோளை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கும். அது கிடக்கட்டும்.

வாசலில நிண்ட ஜவ்பர் பாஸ் சிரிச்சார். ஊரில பாதிக் குசினி அவர் கட்டினது.

"பலகையைப் பிடிக்கிற கிளாம்பை நல்லா இறுக்கு எண்டு அண்டைக்கே சொன்னனான். கேட்டியா? இனி உள்ளுக்கு மஞ்சள் இறங்கி, கோடு விழும் பார்!"

"கூட இறுக்கினா பசையெல்லாம் வெளியில பிதுங்கிடும் நானா. பிறகு எது பிடிச்சு நிக்கிறது?"

"வாய் மட்டும் நல்லா ஒட்டுது!"

பஸ்மியா துணி எடுக்க ஓடினாள். மாமி கையைப் பிடிச்சா.

"நில்லு மகள். எல்லாரும் சோறு தின்னட்டும். அதுவரைக்கும் அது கிடக்கட்டும்."

"ஒரு புள்ளைட பிழைப்பில இப்பிடியா விளையாடுறது?" எண்டு சாப்பிட வந்திருந்த சனூஸா முணுமுணுத்தா.

எல்லாரும் தின்னாங்க. பஸ்மியா மட்டும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நிண்டாள்.

பிறகு மாமி துணியை ஜவ்பரிட்டயே குடுத்தா. "நீங்களே துடையுங்கோ தம்பி."

துடைச்சார். சவுக்காரம் போட்டுத் தேய்ச்சார். கண்ணாடியை மாட்டிக் குனிஞ்சார். நகத்தால வருடினார்.

கோடு இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"எங்க புள்ள பொருத்து?" அவரையறியாமலே கேட்டுப்போட்டார்.

"நீங்கதானே காட்டப்போறீங்க நானா!"

குசினியே சிரிப்பில அதிர்ந்திச்சு. "எங்கட வீட்டுக்கு எப்ப வாறாய்?" எண்டு சனூஸா பஸ்மியாட கையைப் பிடிச்சா. "முதல்ல எனக்கு!" எண்டு அடுத்த வீட்டுக்காரி சண்டைக்கு வந்தா. ஜவ்பர்கூடத் தலையைச் சொறிஞ்சு, "சீனன்குடாவில ஒரு வேலை இருக்கு. நீ வந்து ஒட்டித் தருவியா?" எண்டார்.

ஆக்கள் போனதும் பஸ்மியா வெடிச்சாள். "ஏன் மாமி இப்பிடிச் செய்தீங்க? மஞ்சள் பிடிச்சிருந்தா என்ட கதி என்ன?"

மாமி சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னா:

"பிடிக்காது மகள். நேத்து நீ போன பிறகு ஆணத்தை ஊத்தி, விடியுமட்டும் விட்டுப் பார்த்திட்டுத்தான் இவங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டனான்."