மதிலைக் காப்பவர் சூடும் பூ

மதிலைக் காப்பவர் சூடும் பூ எது என்று அவள் கேட்டாள்.

உழிஞை என்றான் அவன். யோசிக்கக்கூட இல்லை.

நொச்சி.

உழிஞை, மதிலை வளைக்க வந்தவனுக்கு. உள்ளே நின்று காப்பவனுக்கு நொச்சி. அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"சரி" என்றாள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொஞ்ச நாளாகவே அப்படிப் பழகிய வாய்.

தேர்வு நாளைக் காலை. அரசுப் பள்ளித் தமிழாசிரியர் வேலை. போன முறை அவனுக்கு அது ஒரே மதிப்பெண்ணில் போனது. இந்த முறை கூடப் படிக்க ஓர் ஆள் இருக்கட்டும் என்று, தபாலில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த மனைவியையும் விண்ணப்பம் போட வைத்தான்.

துணைக்கு வந்தவள், முதல் மாதிரித் தேர்விலேயே அவனைவிட அதிகம் எடுத்துத் தொலைத்தாள்.

அன்று அவன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றான். மறுநாளும் அதே வயிறு. அதற்கு மறுநாள் தெரிந்த விடைகளை அவள் தப்பாகச் சொன்னாள்.

வயிறு சரியாகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவர் கேட்க ஒருவர் சொல்வதுதான் அவர்கள் படிக்கும் முறை. கேட்பவர் கையில் புத்தகம். அவன் முகம் வாடும்போதெல்லாம் அவனுடைய தப்புக்கும் சரி போட ஆரம்பித்தாள். ஒன்றிரண்டுதானே, பிறகு பேச்சோடு பேச்சாகத் திருத்திவிடலாம் என்று இருந்தாள்.

அந்தப் பிறகு வரவேயில்லை.

அவன் சம்மணத்தை மாற்றிப் போட்டு, அடுத்த கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்தான். சந்தோஷமாக இருந்தான்.

நாளைக்கு இந்தப் பூவையே கேட்டுவிட்டால்?

புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள்.

"ஏங்க, அது நொச்சி."

அவன் சிரித்தான். இப்போதுதானே சரி என்றாய் என்று கேட்டான். தெரிந்துதான் சொன்னேன் என்றாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை. அவன் கத்தவில்லை. இன்னும் எவையெவை என்று மட்டும் கேட்டான்.

சொன்னாள். எல்லாம் நினைவில் இருந்தன. எங்கே தவறினான், அவள் எங்கே சரி என்றாள், எது உண்மையான விடை. ஒவ்வொன்றையும் அவன் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டான்.

முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தபோது தலை நிமிர்ந்தான்.

"அப்ப நீ தப்பா சொன்னதெல்லாம்?"



அவள் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டான். எங்கோ புரட்டி ஒன்று கேட்டான். போன வாரம் அவள் தப்பாகச் சொன்ன கேள்வி.

சரியாகச் சொன்னாள்.

இன்னொன்று. சொன்னாள். அவன் வேகமாகக் கேட்டான், குரலில் கடுப்பு இருந்தது. அவளும் வேகமாகச் சொன்னாள். நிறுத்த நினைத்தும் முடியவில்லை. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது. அழுகையும் வந்தது.

கடைசியில் அவன் விடைப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

நாளைக்கும் இப்படியே எழுத வேண்டும் என்றான். அவளைப் பார்க்காமல் சொன்னான். காது சிவந்திருந்தது.

பிறகு புத்தகத்தை அவளிடம் நீட்டினான்.

கேட்டாள். அவன் இந்த முறை யோசித்தான். நேரம் எடுத்துக்கொண்டான். சொல்லிவிட்டு, குழந்தையைப் போல் அவள் வாயையே பார்த்தான்.

அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தப்பு" என்றாள்.