கோபித்துக்கொண்டு வந்தவள்

கையில் பெட்டியோடு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்ததும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க மாமாவோட பெரிய சண்டைடி. இனிமே அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்.” சொல்லிக்கொண்டே சோபாவில் சாய்ந்தாள் அக்கா.

வர இதுவா நேரம்? தங்கைக்குப் பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை. கணவன் வேலைக்குக் கிளம்பியதும், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவது அவளுக்கு வாடிக்கையாகியிருந்தது. ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தையைப் பார்த்தால் பாசம் வரவில்லை, பயம்தான் வந்தது. வெளியே சொன்னால், ‘இவளெல்லாம் ஒரு தாயா’ என்பார்கள். அதனால் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

இந்த லட்சணத்தில் அக்காவுக்கு வேறு ஆறுதல் சொல்ல வேண்டுமாம்!

“குழந்தையை இப்படிக் குடு. மடியில வச்சிருந்தாதான் எனக்கு மனசு ஆறுது. நீ போய்ப் படு” என்பாள் அக்கா.

“தனியா சாப்பிட்டா தொண்டையில இறங்கலடி. நீயும் தட்டோட வா.”

“உள்ளேயே இருந்தா மூச்சு முட்டுது. தெருக்கோடி வரைக்கும் துணைக்கு வாயேன்.”

‘பெத்தவ நான். தாங்க வேண்டியது இவளையா? சுயநலம் பிடிச்சவ!’ பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கினாள், சாப்பிட்டாள், நடந்தாள்.

ஒரு மத்தியானம் அக்கா ஜன்னலோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கைக்குப் பொறுக்கவில்லை.

“உனக்காவது அழ ஒரு காரணம் இருக்கு. எனக்கு அதுகூட இல்லக்கா!” என்று வெடித்தாள். குழாய்ச் சத்தத்தில் அழுதது, பிள்ளையைத் தூக்கவே பயந்தது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அக்கா அதிரவில்லை. இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“மூத்தவன் பிறந்தப்ப நானும் இப்படித்தாண்டி கிடந்தேன். யார்கிட்டயும் சொல்லாம செத்துச் செத்துப் பிழைச்சேன். நீ மோசமான தாய் இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கு. வா, டாக்டரைப் பார்ப்போம்.”

பார்த்தார்கள். பேசப் பேச, மருந்து சாப்பிடச் சாப்பிட, நெஞ்சை அழுத்திய பாரம் மெல்ல இறங்கியது. ஒரு நாள் குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரிக்க, அவளும் தன்னை மறந்து சிரித்தாள்.

அப்போதுதான் சுருக்கென்றது. இப்பேர்ப்பட்ட அக்காவை விரட்டிவிட்டு, அந்த மனுஷன் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையே!

போனை எடுத்தாள். மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் யாரோ கியரை நறநறவென்று மாற்றும் சத்தம் கேட்டது.

“என்ன மாமா நினைச்சிட்டிருக்கீங்க? எங்கக்கா என்ன நாதியத்தவளா? பொண்டாட்டி இருக்காளா போனாளான்னு கேட்கத் துப்பில்லை, நீங்கள்லாம் ஒரு ஆம்பளையா? வந்து மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா நானே அங்க வந்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்!”

அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், மாமா சொன்னார்:

“எங்களுக்குள்ள சண்டையே இல்லம்மா. ‘உதவிக்கு வந்தேன்னா வேணாம்னு திருப்பி அனுப்பிடுவா. என்னைக்கு எனக்காக உங்களைத் திட்டற தெம்பு அவளுக்கு வருதோ, அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க’ன்னு சொல்லிட்டுத்தான் வந்தா உங்கக்கா. இப்பவே கிளம்பி வரட்டுமா?”