நாலடி இடம்

நகரின் நடுவே இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்களும், முன்னால் ஒரு சதுக்கமும் கட்டப்போகிறார்கள். அதற்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அது. தலைமை தாங்கிய அதிகாரிக்கு, கூச்சல் குழப்பமில்லாமல் முடிந்தால் போதும் என்றிருந்தது.

கட்டட வடிவமைப்பாளர் திரையில் படம் காட்டி முடித்தார். பேச டோக்கன் வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில், சீருடையிலேயே வந்திருந்த ஒரு பெண் பஸ் ஓட்டுநர் மைக்கைப் பிடித்தார்.

"நீரூற்று இருக்கு, சிலை இருக்கு, செல்ஃபி எடுக்க மேடைகூட இருக்கு. பொம்பளைங்களுக்குக் கழிப்பறை எங்க சார்? என் பஸ் அங்கதான் வந்து திரும்புது. இதுக்குப் பயந்தே நான் பகல் பூரா தண்ணி குடிக்கிறதில்ல."

கூட்டம் கைதட்டியது. வடிவமைப்பாளரின் முகம் தொங்கிப்போயிற்று.

"இடம் பத்தாதுங்களே..." என்று இழுத்தார்.

"சிலையை நாலடி தள்ளி வைங்க. பத்தும்."

வடிவமைப்பாளர் வரைபடத்தை விரித்தார். பிறகு பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "சேர்த்துடறேன்."

கூட்டம் முடிந்ததும் அதிகாரி வாசலில் அந்த ஓட்டுநரைப் பார்த்தார்.

"மனுஷனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டீங்களேம்மா! மழை வர்ற மாதிரி இருக்கு. வாங்க, கார்ல வீட்டுல விட்டுடறேன்."

"வேண்டாம் சார், இவர்கூடவே போயிடுறேன்."

அவர் காட்டிய பக்கத்தில், வடிவமைப்பாளர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"இவர்கூடவா?"

"என் வீட்டுக்காரர்தான் சார். மூணு மாசமா சோறு போடும்போதெல்லாம் இதைத்தான் சொன்னேன். 'ம்... ம்...'னு தலையாட்டிட்டு எழுந்து போயிடுவார். அதான் இன்னைக்கு டோக்கன் வாங்கி, வரிசையில நின்னு சொன்னேன்."