ஜெபகனியின் பத்தியம்

"அந்த முட்டையை எடுத்து அந்தாண்ட வை. உன் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறைச்சல்!" என்று அதட்டினார் சாந்தகுமார்.

ஜெபகனி வாயருகே கொண்டுபோன முட்டையை மகள் பொன்மலரின் தட்டில் வைத்தாள். "கொஞ்சம் சத்தா சாப்பிட்டாத்தாங்க..."

"சாப்பிட்டா?"

"ஒண்ணுமில்லீங்க."

அவள் கணவர் சாந்தகுமாருக்கு ஆம்பூர் டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. ஆட்டுத் தோலை விரித்து ஒரு தடவு தடவினால் போதும், அந்த ஆடு என்ன மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். முதலாளியே அவரைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். அந்தத் தலைக்கனம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. "தின்ற தீனிதான் தோல்ல தெரியும். ஆட்டுக்கும் அதான், ஆளுக்கும் அதான்" என்று அடித்துச் சொல்வார்.

நாற்பத்து மூன்று வயதில் ஜெபகனிக்கு முகமெல்லாம் பரு. குமரிப் பெண்ணுக்கு வருவதுபோலக் கன்னத்திலும் நெற்றியிலும் சிவந்து சிவந்து கிடந்தது. வீட்டில் பரு என்று சொல்லிக்கொள்ளலாம், ஊர் சும்மா இருக்குமா? அந்த எழுபதுகளில் இந்தப் பக்கம் முகத்தில் தடிப்பு என்றாலே ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குஷ்டம்தான். பொன்மலரைப் பெண் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வந்த விஜயகுமாரி அம்மாள், பெண்ணை விட்டுவிட்டுப் பெண்ணின் தாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மா மூஞ்சியில இன்னா அது? அந்த வியாதி கிந்த வியாதி இல்லியே?" என்று தரகரிடம் கேட்டாளாம். ஈஸ்டர் கழித்து இன்னொரு முறை வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

"கறி கிடையாது, முட்டை கிடையாது, பால் கிடையாது" என்றார் சாந்தகுமார். "கஞ்சி, பீர்க்கங்கா, மோரு. அவ்ளோதான். பொண்ணுக்காக வாயைக் கட்டு."

"சரிங்க."

"இன்னொண்ணு. மாசா மாசம் வேலூருக்கு உன் தங்கச்சியப் பாக்கப் போறியே, அதையும் நிறுத்து. நானும் கவனிச்சிட்டுத்தான் வர்றேன். நீ அங்க போவ ஆரம்பிச்சப்புறம்தான் இந்தப் பேஜாரே. அந்த ரோஸ் இன்னாத்த ஆக்கிப் போடறா உனக்கு?"

ஜெபகனியின் முகம் வெளுத்துவிட்டது. "அது மட்டும் வேணாங்க. அங்க போவாம இருக்க முடியாதுங்க."

"தங்கச்சி முக்கியமா, பொண்ணு முக்கியமா?"

அவள் பொன்மலரைப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சோற்றை அளைந்துகொண்டிருந்தது.

"பொண்ணுதாங்க" என்றாள் ஜெபகனி.

பத்தியம் வேலை செய்தது! வாரம் போகப் போகப் பரு அமுங்கியது, தழும்பு மங்கியது. சாந்தகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை அவள் கையால் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டே, "பாத்தியா? ஒடம்பும் எளைச்சி சின்னப் பொண்ணாட்டம் ஆயிட்டே" என்பார். அவள் இருமினால், "மோரு ஜாஸ்தியாயிடுச்சி, கம்மி பண்ணு" என்று அதற்கும் தடை போட்டார். அவள் மோரையும் குறைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் கழிந்தது. சொன்னபடி விஜயகுமாரி அம்மாள் வந்தாள். ஜெபகனியைச் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கூச்சமே இல்லாமல் கன்னத்தைத் தடவியே பார்த்துவிட்டாள்.

"அட, கண்ணாடியாட்டம் இருக்குதே! இன்னா வைத்தியம் பண்ணீங்க?"

"வைத்தியம் ஒண்ணும் இல்லீங்க சம்பந்தியம்மா. எல்லாம் நான் போட்ட பத்தியம்தான்!" என்று மீசையைத் தடவிக்கொண்டார் சாந்தகுமார்.

அங்கேயே ஜெபம் பண்ணிக் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். வந்தவர்கள் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு ஜட்காவில் ஏறினார்கள். கையசைத்து வழியனுப்பும்போது ஜெபகனி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

ஜட்கா நகர்ந்ததும் அந்தப் பக்கமிருந்து பையும் கையுமாக ரோஸ் வந்தாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். எல்லோரும் மெச்சிவிட்டுப் போன அந்த முகத்தைப் பார்த்து அவள் ஒருத்திதான் பதறிப்போனாள்.

"அக்கா! மூஞ்சி சுத்தமாயிடுச்சே! மாத்திரைய நிறுத்திட்டியா?"

"எந்த மாத்திரை?" என்றார் சாந்தகுமார், பல்லைக் குத்திக்கொண்டே.

"டி.பி. மாத்திரை மாமா! மாசா மாசம் எங்கிட்ட வந்து அதத்தானே வாங்கிட்டுப் போவும்? அதனாலதான் பரு வருது, வந்தா வரட்டும், நிறுத்துனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் படிச்சிப் படிச்சி சொன்னாரே! பாலு, முட்டை, கறி எதையும் விடாம சாப்பிடச் சொன்னாரே!"

சாந்தகுமாரின் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. ஜெபகனி முந்தானையால் வாயைப் பொத்தி இருமி முடித்துவிட்டு, தங்கையின் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாப் பேசுடி, ஜட்கா இன்னும் தெருமுனை தாண்டலை."